மீனுக்கும் ஒரு சாவடி

குமணன்சாவடியில் கடல் இல்லை. மாங்காட்டுக்கும் குன்றத்தூருக்கும் பிரிகிற சாலை இருக்கிறது, காலை எட்டரை மணிக்கு அசைய மறுக்கும் போக்குவரத்து இருக்கிறது, கொஞ்சம் தள்ளிச் செம்பரம்பாக்கம் ஏரியும் இருக்கிறது. கடலுக்கு மட்டும் கிழக்கே ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் போக வேண்டும். மெட்ரோவின் நான்காம் வழித்தடத் திட்டம் இரண்டையும் ஒரே கோட்டில் கோக்கிறது. ஒரு முனை கலங்கரை விளக்கம். மறுமுனையான பூந்தமல்லி பைபாஸுக்குச் சற்று முன்னால் குமணன்சாவடி.

அவ்வளவு தூரம் போவானேன், கூடத்துக்கே கடலைக் கொண்டுவந்துவிடலாம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. தங்க மீனும் கப்பியும் வளர்த்துச் சலித்தவர்கள், புது அடுக்ககத்தில் வெறும் சுவரைப் பார்த்து யோசிப்பவர்கள், ‘ஃபைண்டிங் நீமோ’ படத்தைப் பிள்ளைக்குப் போட்டுக் காட்டிவிட்டு மாட்டிக்கொண்டவர்கள். சென்னைக்கு இது புது ஆசையும் அல்ல. அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால் 1909இலேயே மெரினாவில் மீன் காட்சியகம் திறந்த ஊர் இது. அன்று ஊருக்கு ஒன்று. இன்று காசும் பொறுமையும் இருந்தால் வீட்டுக்கு ஒன்று.

காசு பெரும்பாலும் இருந்துவிடுகிறது. சிக்கல் பொறுமையில், அதைவிட வாங்கும் வரிசையில். முதலில் மூன்றடித் தொட்டி, பிறகு நீல விளக்கு, அதே வண்டியில் இரண்டு கோமாளி மீன்; மீன் நோயில் விழுந்த பிறகு மருந்து. இப்படித்தான் போகிறது கணக்கு. உண்மையில் முதலில் வாங்க வேண்டியது, விருந்தாளி யார் கண்ணிலும் படாமல் பின்கட்டில் கிடக்கப்போகும் இரண்டாவது தொட்டியை. புது மீனைத் தனியே வைத்து, தின்கிறதா, மூச்சு வாங்குகிறதா, உடம்பில் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்து, பிறகு உள்ளே விடுவதற்கான தொட்டி.

ஊரின் பெயரிலேயே அதற்குச் சொல் இருக்கிறது. சாவடி என்றால் வழிப்போக்கர் தங்கிப் போகும் இடம். பூந்தமல்லிச் சாலையில் குமணன்சாவடி, கரையான்சாவடி என்று அடுத்தடுத்து நிற்கும் அந்தச் சொல், இன்றைக்குச் சுங்கச்சாவடியிலும் சோதனைச்சாவடியிலும் பிழைத்திருக்கிறது. நிறுத்து, பார், பிறகு விடு. கடல் மீனுக்கு வேண்டியதும் அவ்வளவுதான்.

ஆனால் மீனுக்கு முன்னால் தண்ணீர். நன்னீர் மீன் வளர்த்தவர்களுக்கு உப்பு என்றாலே கல் உப்பு. மீன் சோர்ந்தால் ஒரு பிடி அள்ளிப் போடுவது பழகிய வைத்தியம். அதே நினைப்பில் மூட்டைக் கல் உப்பைக் கரைத்துக் கடலாக்கிவிட முடியாது. கடலில் கரைந்திருக்கும் உப்புகளில் சோடியமும் குளோரைடும் சுமார் 85 விழுக்காடு. மக்னீசியம், சல்பேட், கால்சியம், பொட்டாசியம், நீரின் காரத்தைப் பிடித்து நிறுத்தும் பைகார்பனேட் ஆகியவை மிச்சத்தில் இருக்கின்றன. உப்பளத்தில் உப்புப் படிந்த பிறகு வடித்துவிடும் கசப்பு நீரோடு மக்னீசியத்தின் பெரும்பகுதி போய்விடுகிறது. சமையலுக்கு அது நல்லது, தொட்டிக்கு ஆகாது. ஆகவே கடல் தொட்டிக்கென்றே விற்கும் கலவை உப்புதான் வழி, லிட்டருக்கு 35 கிராம். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டி விளிம்பு வரை சுமார் 190 லிட்டர் பிடிக்கும். உப்பு மட்டும் ஆறரை கிலோவைத் தாண்டும்.

கடற்கரையிலிருந்தே கேனில் பிடித்து வந்தால் என்ன? அடையாறும் கூவமும் எதைச் சுமந்துகொண்டு கடலில் கலக்கின்றன என்பது சென்னைவாசிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதும் மறந்துபோகிற விஷயம் அல்ல. ஊருக்கு வெகு தெற்கே போய்ச் சுத்தமான நீர் எடுக்கிறவர்கள் இருக்கலாம். அதைச் சோதித்து, வடிகட்டி, வாரா வாரம் சுமப்பதற்குக் கலவை உப்பே சுலபம்.

உப்பைக் கரைக்கும் நன்னீரிலும் கண் வேண்டும். குழாயில் வரும் நீரில் குளோரின். போர் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்தும் இன்னும் என்னென்னவோவும். ஆர்.ஓ. நீர்தான் அடிப்படை. இருபது லிட்டர் கேன் தண்ணீரை ஊற்றுகிறவர்கள் ஒரு டி.டி.எஸ். மீட்டரை முக்கிப் பார்த்துவிட்டு ஊற்றுவது நல்லது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய எண் ஐம்பது, எண்பது என்று நின்றால், அதில் ஒளிந்திருக்கும் சிலிக்கேட்டும் நைட்ரேட்டும் இரண்டே வாரத்தில் மணல்மேல் காப்பித்தூள் தூவியதுபோலப் பழுப்புப் பாசியாக வெளியே வரும். தொட்டியில் நீர் ஆவியாகிக் குறையும்போது உப்புத் தண்ணீரை ஊற்றி நிரப்புவது இன்னொரு வழக்கமான பிழை. ஆவியாவது நீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே இருக்கிறது. குறைந்த அளவுக்கு நன்னீரைத்தான் ஊற்ற வேண்டும்.

எல்லாம் நிரப்பி, பம்பு ஓடி, தண்ணீர் பளிச்சென்று தெளிந்ததும் தொட்டி தயார் என்று கண் சொல்லும். கண் பொய் சொல்கிறது. மீன் கழிக்கும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் கல்லிலும் வடிகட்டியிலும் குடியேற வேண்டும். அதற்கு நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். முன்பெல்லாம் இந்த வேலைக்கு டாம்சல் என்னும் சிறு மீன்களை விட்டு, அவை விஷத்தில் திணறப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதற்கு அவசியமே இல்லை. ஒரு துண்டு இறாலை அழுகவிட்டாலும் அம்மோனியா வரும். அளந்து போட விரும்பினால் அம்மோனியம் குளோரைடு இருக்கிறது. ஈயம் பூசுகிறவர்கள் வைத்திருப்பார்களே, அந்த நவச்சாரம்தான். நாட்டு மருந்துக் கடைச் சரக்கு வேண்டாம், பரிசோதனைக்கூடத்துக்கு விற்கும் சுத்தமான தூள் வேண்டும். போட்ட அம்மோனியா ஒரே நாளில் நைட்ரேட்டாகி, சோதனைக் குழாயில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டும் நாளில்தான் தொட்டி உண்மையில் திறக்கிறது.

வெயிலையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். கடற்காற்று மெரினாவைக் குளிரவைத்த பிறகே பூந்தமல்லிப் பக்கம் வந்து சேரும். சில நாள் வராமலும் போகும். மே மாதப் பகலில் மூடிய வீட்டுக்குள் தொட்டி நீர் 32 டிகிரியைத் தொடுவது பெரிய விஷயமல்ல. சூடு ஏற ஏற நீரில் ஆக்ஸிஜன் குறையும், மீனுக்கோ தேவை கூடும். அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனால் இன்னும் மோசம். பேட்டரியில் ஓடும் ஏர் பம்பு ஒன்றை முதல் நாளே வாங்கி வைப்பது நல்லது.

பாக்டீரியா குடியேறும் அந்த ஆறு வாரக் காத்திருப்புத்தான், புது மீனை நிறுத்திப் பார்க்கும் தனித்தொட்டிக்கான கால அவகாசமும். பெரிய தொட்டியின் வடிகட்டிப் பகுதியில் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரைப் போட்டு வைத்தால் அதிலும் பாக்டீரியா குடியேறிவிடும். தொட்டியில் பாக்டீரியா வளரும் அதே மாதத்தில் மீனைத் தேடி விசாரிக்கலாம், முன்பணம் கொடுக்கலாம். மீனை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் தோற்கிறார்கள்.

தோற்றால் என்ன ஆகும்? மீன் வந்த நாலாம் நாளோ ஆறாம் நாளோ, சாப்பிட மேலே வந்த கோமாளி மீனின் துடுப்பில் பொடி உப்புபோல ஒரு வெள்ளைப் புள்ளி. மறுநாள் ஏழெட்டு. மீன் கல்லில் உடம்பைத் தேய்த்துக்கொள்கிறது, செவுள் படபடக்கிறது. பதறிப்போய்க் கடைக்காரரைக் கேட்டு ஏதோ ஒரு மருந்தை ஊற்றுகிறார்கள். இரண்டு மூன்று நாளில் புள்ளிகள் காணாமல் போகின்றன. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி, மருந்துக்கும் நல்ல பெயர்.

மருந்து ஒன்றும் செய்யவில்லை. கிரிப்டோகேரியான் இரிட்டன்ஸ் என்னும் அந்த ஒற்றைச் செல் ஒட்டுண்ணி மீனின் தோலுக்குள் மூன்று முதல் ஏழு நாள் தின்றுவிட்டு, தானாகவே இறங்கி மணலிலும் கல்லிலும் ஒட்டிக்கொண்டு கூடு கட்டிக்கொள்கிறது. கூட்டுக்குள் பல்கிப் பெருகி, ஒவ்வொன்றிலிருந்தும் குஞ்சுகள் நூற்றுக்கணக்கில் நீந்தி வெளியே வருகின்றன. கடலில் அவற்றில் மிகச் சிலவே மீனைக் கண்டுபிடிக்கும். மூன்றடித் தொட்டியில் மீன் ஓடி ஒளிய இடம் ஏது? இரண்டாம் முறை வரும் புள்ளிகளை எண்ண முடியாது. கூடுகளில் சில 72 நாள் வரைகூடத் தாமதித்து வெடித்ததாக ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அதனால்தான் ஒருமுறை நோய் புகுந்த தொட்டியை மீனே இல்லாமல் இரண்டரை மாதம் சும்மா போடச் சொல்கிறார்கள். ஒரு மாதம் காத்திருக்க மனமில்லாதவருக்கு, காலித் தொட்டியைப் பார்த்தபடி இரண்டரை மாதம்.

கடையில் மீன் நன்றாகத்தானே இருந்தது என்பார்கள். பல கடைகளில் வரிசைத் தொட்டிகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே வடிகட்டி, ஒரே தண்ணீர். நேற்று இலங்கையிலிருந்து வந்ததும் இந்தோனேசியாவிலிருந்து வந்ததும் அதே நீரில் மூச்சுவிடுகின்றன. மேல் வரிசை மீனின் நோய் கீழ் வரிசைக்கு வர லிஃப்ட் தேவையில்லை. உப்பைக் குறைத்து வைக்கும் கடைகளில் ஒட்டுண்ணி அடங்கி இருப்பதும் உண்டு; வீட்டின் முழு உப்பு நீருக்கு வந்ததும் அது கிளம்பும்.

வெண்புள்ளி என்ற சொல் தமிழகக் கடலோரத்துக்குப் புதிதல்ல. 1990களின் நடுவில் தூத்துக்குடியிலிருந்து ஆந்திரக் கடற்கரை வரை இறால் பண்ணைகளைக் காலி செய்ததும் ஒரு வெண்புள்ளி நோய்தான். அது வைரஸ், இறாலின் ஓட்டில் வரும் புள்ளி. இது ஒட்டுண்ணி, மீனின் தோலில் வரும் புள்ளி. பெயரில்தான் ஒற்றுமை. ஆனால் அந்த அடியிலிருந்து அரசு கற்ற பாடம் சென்னையிலேயே கட்டடமாக நிற்கிறது. 2009இல் வெளிநாட்டு வனாமி இறாலுக்கு அனுமதி கொடுத்தபோது, தாய் இறால்கள் நேராகக் குஞ்சுப் பொரிப்பகத்துக்குப் போக விடவில்லை. கடல்சார் பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையத்தின் கீழுள்ள ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம் நீலாங்கரையில் நடத்தும் தனிமைப்படுத்தும் நிலையத்தில் இறக்கி, வைரஸ் சோதனை முடித்துத்தான் வெளியே விட வேண்டும். கோடிகள் புழங்கும் ஏற்றுமதிக்குச் சாவடி கட்டத் தெரிந்த ஊருக்கு, வீட்டுத் தொட்டிக்குப் போகும் மீன் விஷயத்தில் அந்த அக்கறை ஏன் வரவில்லை என்பதுதான் கேள்வி.

மனிதர்களை நிறுத்தி வைத்த கதையும் இங்கே உண்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்த் தொழிலாளர்களைக் கப்பலேற்றுமுன் மண்டபம் முகாமில் வைத்து, நோய் பார்த்து, ஊசி போட்டு அனுப்பினார்கள். அந்த முகாம் மலையகத் தமிழர் நினைவில் கசப்பாகவே தங்கியிருக்கிறது; மீன் தொட்டியோடு அதை ஒப்பிடுவது பொருந்தாது. என்றாலும் இதைச் சொல்லாமல் போக முடியவில்லை. மண்டபம் கேம்ப் என்று இன்றும் வழங்கும் அதே ஊரில்தான் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் இருக்கிறது. கோமாளி மீனைப் பொரிப்பகத்தில் பொரிக்கவைத்து வளர்க்கும் நுட்பத்தில் அந்த நிறுவனம் பல ஆண்டுகள் உழைத்திருக்கிறது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் அதைச் செய்து காட்டியது. முதல் மீன் கோமாளி மீனாகத்தான் இருக்க வேண்டுமென்றால், பவளத் திட்டிலிருந்து பிடித்ததை விடுத்துப் பொரிப்பகத்தில் பிறந்ததைக் கேட்டு வாங்கலாம். அது தொட்டி வாழ்க்கையும் குருணைத் தீனியும் பழகியது, கடலில் ஒரு மீனும் குறையாது. பொரிப்பக மீனுக்கும் தனித்தொட்டி உண்டு, கடைத் தண்ணீர் பட்டுவிட்டதே!

தனித்தொட்டிக்கு ஆடம்பரம் எதுவும் தேவையில்லை. நாற்பது லிட்டர் பிளாஸ்டிக் டப்பா போதும். உப்பு ஒன்று புள்ளி நான்கு கிலோ. ஏற்கெனவே பாக்டீரியா ஏறிய ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஏர் பம்பு, மீன் ஒளிந்துகொள்ளப் பிளம்பிங் கடையில் வாங்கிய பி.வி.சி. எல்போ இரண்டு, குதித்து விழாமலிருக்க மேலே வலை மூடி. மணல், கல் எதுவும் கூடாது. அழுக்குச் சேரும் என்பது ஒரு காரணம். சுண்ணாம்புக் கல் காப்பர் மருந்தை உறிஞ்சி, அளவைக் குலைத்துவிடும் என்பது பெரிய காரணம். இந்தத் தொட்டியின் கைவலை, வாளி, குழாய் எல்லாம் தனி. ஈரக் கையோடு பெரிய தொட்டிப் பக்கம் போகவே கூடாது.

மருந்து விஷயத்தில் வளர்ப்பவர்களுக்குள்ளேயே சண்டை உண்டு. வருகிற மீன் எல்லாவற்றுக்கும் காப்பர் கொடுத்துவிட வேண்டும் என்பது ஒரு கட்சி. நோய் தெரிந்தால் மட்டும் போதும் என்பது எதிர்க்கட்சி. காப்பர் இரு பக்கமும் வெட்டும். அயனி வடிவக் காப்பர் என்றால் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம், குறைந்தால் ஒட்டுண்ணி சாகாது, கூடினால் மீன் சாகும். வேறு வகைக் காப்பருக்கு அளவே வேறு. தினமும் சோதிக்கத் தயாரில்லாதவர் அந்தப் பாட்டிலைத் தொடாமலிருப்பது மேல். இறாலும் பவளமும் இருக்கும் தொட்டியில் ஒரு சொட்டுக்கூடக் கூடாது. கோமாளி மீனை அடிக்கடி தாக்கும் புரூக்ளினெல்லா என்னும் ஒட்டுண்ணிக்கோ காப்பர் பலிப்பதே இல்லை.

புதிதாக வருகிறவருக்குத் தோதானது மருந்தில்லாத வழிதான். மூன்று நாளைக்கு ஒருமுறை, 72 மணி நேரம் தாண்டுவதற்குள், மீனைப் புது உப்புநீர் நிரப்பிய வேறொரு டப்பாவுக்கு மாற்ற வேண்டும். பழையதைக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைக்க வேண்டும். உதிர்ந்த ஒட்டுண்ணி கூட்டிலிருந்து கிளம்புவதற்குள் மீன் இடம் மாறிவிடுகிறது, கூடு வெறும் டப்பாவில் காய்ந்து சாகிறது. நான்கு மாற்றம், பன்னிரண்டு நாள். ஸ்பாஞ்சையும் ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டியிருப்பதால் தீனியைக் குறைத்து அம்மோனியாவைக் கவனிப்பது முக்கியம். வெண்புள்ளிக்கு இது கை கொடுக்கும். வெல்வெட் நோய்க்கும் செவுள் புழுவுக்கும் கொடுக்காது. ஆகவே மாற்றி முடித்த பிறகும் சில வாரம் தனியாகவே வைத்துப் பார்க்க வேண்டும்.

மொத்தம் எத்தனை நாள்? 1377இல் இன்றைய டுப்ரோவ்னிக் துறைமுகத்தில் வெளியூர்க்காரர்களை முப்பது நாள் நிறுத்தி வைத்தார்கள், பிற்பாடு வெனிஸ்காரர்கள் நாற்பதாக்கினார்கள். குவாரன்டைன் என்ற சொல்லே அந்த நாற்பதிலிருந்து பிறந்தது. மீன் வளர்ப்பவர்கள் நான்கிலிருந்து ஆறு வாரம் என்கிறார்கள். சித்த மருந்துக்கும் விரதத்துக்கும் ஒரு மண்டலம், 48 நாள், என்று கணக்கு வைத்துப் பழகிய வீடுகளுக்கு இது பெரிய காலமா என்ன?

சின்ன டப்பாவில் அடைப்பது மீனுக்குக் கொடுமை இல்லையா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேள்வி நியாயமானது. நீரைச் சோதிக்காமல், தீனியைக் கொட்டி, அம்மோனியாவில் வேகவைத்தால் கொடுமைதான். தனித்தொட்டியில் சாகும் மீன்களில் கணிசமானவை இப்படிச் சாகின்றன. சரியாக நடத்தினால் அங்கேதான் மீன் போட்டியில்லாமல் தின்னப் பழகுகிறது, உடம்பு தேறுகிறது.

சட்டம் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததுண்டு. 2017இல் மத்திய அரசு கொண்டுவந்த அலங்கார மீன் கடை விதிகள் 158 வகை உயிரினங்களை விற்கவும் காட்சிக்கு வைக்கவும் தடை போட்டன. கோமாளி மீனும் அந்தப் பட்டியலில் இருந்தது. எதிர்ப்புக் கிளம்பி விதிகள் பின்னர் திரும்பப் பெறப்பட்டன. ஒரேயடியாகத் தடை, இல்லையென்றால் ஒன்றுமே இல்லை என்று போனதில் நடுவே செய்திருக்க வேண்டிய காரியம் விட்டுப்போனது. பவளத்துக்கும் கடல் குதிரைக்கும் நிலைமை வேறு. 2001இல் இவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்ந்துவிட்டன. மன்னார் வளைகுடாவிலிருந்து வந்த ‘உயிருள்ள கல்’ என்று யாராவது ரகசியமாக நீட்டினால், வாங்குகிறவரும் குற்றவாளி. செயற்கைக் கல்லில் பாக்டீரியா தாராளமாக வளரும்.

நடுவே செய்ய வேண்டிய காரியம் பெரிய செலவும் அல்ல. கொளத்தூர் வட்டாரத்து வண்ண மீன் வணிகத்துக்காகவே வில்லிவாக்கத்தில் சி.எம்.டி.ஏ. வர்த்தக மையம் எழுப்பியிருக்கிறது. அங்கே கடல் மீன் விற்கிறவர்களுக்கென்று, தனித்தனி வடிகட்டி கொண்ட ஒரு வரிசைத் தொட்டிகளும், செவுளைச் சுரண்டிப் பார்க்க ஒரு மைக்ராஸ்கோப்பும், அதைப் பார்க்கத் தெரிந்த மீன்வளப் பட்டதாரி ஒருவரும் இருந்தால் போதும். ஒவ்வொரு தொட்டியிலும் மூன்று வரி எழுதி ஒட்டலாம்: வந்த தேதி, பொரிப்பகமா கடலா, கொடுத்த மருந்து. காத்திருந்த மீனுக்கு விலை கூடும், கூடட்டும். செத்த மீனுக்குப் பதில் மீன் வாங்கும் செலவைவிட அது குறைவு.

அதுவரை வாங்குகிறவர் கையில் ஒரு கேள்வி இருக்கிறது. விலை கேட்பதற்கு முன் கேளுங்கள்: “இது வந்து எத்தனை நாள் ஆச்சு?” “இன்னிக்குக் காலையிலதான் சார் இறங்குச்சு, ஃப்ரெஷ்” என்று பதில் வந்தால், குழம்புக்கு வாங்கும் மீனுக்கு அது நல்ல பதில். தொட்டிக்கு வாங்கும் மீனென்றால், அட்வான்ஸைக் கொடுத்து, இரண்டு வாரம் கழித்து வருவதாகச் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்புங்கள். போகிற வழியில் நாற்பது லிட்டர் டப்பா ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.